தேங்காய்ச் சாக்லெட் உருண்டை: மகளிர் குழுக்களுக்கு ஏற்ற ஒரு சிறுதொழில்

செட்டிநாட்டுப் பலகாரங்களின் பெருமையை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாவுருண்டையும் சீப்புச்சீடையும் தேன்குழலும் மணகோலமும் அதிரசமும் காரைக்குடியிலிருந்து வெளியூர்களுக்கு மட்டுமன்றிக் கடல் கடந்தும் செல்கின்றன. தீபாவளிக்கு முந்திய இரு மாதங்களில் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை வட்டாரங்களின் சிற்றூர்களில் பலகார அடுப்பு அணையாத வீதியே இல்லை எனலாம். ஆனால் பொங்கல் கழிந்தபின் நிலைமை வேறு. முகூர்த்த நாட்களில் வரும் சில சீர்வரிசைக் கட்டளைகளைத் தவிர, பலகாரம் செய்யும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வேலை குறைந்து விடுகிறது. வங்கிக் கடனின் தவணையோ மார்கழி என்றும் ஆடி என்றும் பார்ப்பதில்லை. மாதந்தோறும் வந்து நிற்கிறது. ஆடி மாதத்தில் குழுக் கூட்டங்களுக்குச் செல்லும் அலுவலர் எவரும் அங்கே முதலில் கேட்பது இந்தத் தவணையைப் பற்றிய பேச்சைத்தான்.

ஆண்டு முழுவதும் விலைபோகக் கூடிய, சிறு அளவில் செய்யக்கூடிய இனிப்பு ஒன்று உண்டா என்று பல குழுக்கள் நம்மைக் கேட்டுள்ளன. பழைய மாளிகைகளைக் காணக் கானாடுகாத்தானுக்கும், பூக்கல் செய்வதைக் காண ஆத்தங்குடிக்கும் வரும் பயணிகள் கையில் எடுத்துச் செல்லச் சிறிய பொட்டலத்தில் ஏதேனும் கேட்கிறார்கள் என்றும், பிள்ளைகள் கேட்பதோ சாக்லெட்டையே என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இக்கேள்விக்கு விடையாகத் தேங்காய் சேர்த்த சாக்லெட் உருண்டையைப் பற்றி இங்கு விளக்க முற்படுகிறோம். மேல்நாட்டார் இதனை ‘ட்ரஃபிள்’ என்பர். பிரான்சு நாட்டில் மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானின் பெயர் அது. கோகோத் தூளில் புரட்டிய சாக்லெட் உருண்டை, கறுத்துக் கரடுமுரடான அக்காளானைப் போலத் தோன்றியதால் அதே பெயரைப் பெற்றது. நம்மவர்க்கு ‘உருண்டை’ என்ற சொல்லே போதுமானது; அதுவே பொருத்தமானதுங்கூட. நெய்யின் சூடு ஆறுமுன் மாவுருண்டை பிடித்துப் பழகிய கைகளுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டிய கைப்பழக்கம் ஏதுமில்லை.

கோகோ என்பது என்ன என்பதைச் சிறிது தெரிந்து கொள்வது நலம். கோகோ மரம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளுக்கு உரியது. அதன் காயினுள் இருக்கும் விதைகளைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கிடைக்கும் விழுதில் ஏறத்தாழப் பாதி கொழுப்பே. இக்கொழுப்பைக் கோகோ வெண்ணெய் என்பர். 1828ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் என்பவர் விழுதை அழுத்திக் கொழுப்பின் பெரும்பகுதியைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததே நாம் கடையில் வாங்கும் கோகோத் தூள். விழுதோடு கோகோ வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அச்சில் வார்த்தது சாக்லெட். இவ்விரண்டிற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும்; கீழே சொல்லப்போகும் செய்முறை முழுவதும் இதையே பொறுத்திருக்கிறது.

நம் நாட்டிற்குக் கோகோ புதியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798ஆம் ஆண்டிலேயே குற்றாலத்தில் கோகோ நட்டனர். எனினும் வணிகப் பயிராக அது தென்னாட்டில் வளர்ந்தது 1960களுக்குப் பின்னரே. இன்று கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலும், நம் மாநிலத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களிலும் தென்னையின் ஊடுபயிராக அது பயிராகிறது. தென்னை நிழலில் கோகோ வளரும் என்று கேள்விப்பட்டதும், சிங்கம்புணரிப் பக்கத்துத் தோப்புக்காரர் சிலர் நாமும் நடலாமா என்று கேட்பதுண்டு. அவசரப்பட வேண்டாம் என்பதே நமது கருத்து. கோகோவுக்கு ஆண்டு முழுவதும் ஈரம் வேண்டும். 1500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையோ, அதற்கு ஈடான பாசனமோ வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் பெய்வது சராசரியாகச் சுமார் 900 மில்லிமீட்டர். அதிலும் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்து விடுகிறது. கண்மாய் நீரையும் கிணற்றையும் நம்பிப் புதுப் பயிருக்குப் பணம் போடுவதைவிட, நம்மிடமுள்ள தேங்காயை வைத்துக்கொண்டு கோகோவை விலைக்கு வாங்குவதே அறிவுடைமை.

இனி எந்த வகை உருண்டை நமக்கு ஏற்றது என்பதைப் பார்ப்போம். மேல்நாட்டு முறை, சாக்லெட்டைப் பொடியாக நறுக்கிச் சூடான பாலாடையை அதன்மேல் ஊற்றிக் கலந்து, குளிரவைத்து உருட்டுவது. அங்கே அது சரி. கோகோ வெண்ணெய் உருகும் சூடு ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ். நம் உடம்பின் சூட்டைவிடச் சற்றுக் குறைவு. சாக்லெட் வாயில் இட்டதும் கரைவதற்குக் காரணம் இதுவே. சித்திரை, வைகாசியில் காரைக்குடிக் கடைத்தெருவில் பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டும்போது, கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே அது கரைவதற்குக் காரணமும் இதுவே. குளிர்சாதன வசதியில்லாத குழு, மேல்நாட்டு முறையில் உருண்டை செய்து வெளியூருக்கு அனுப்பினால் போய்ச் சேருவது உருண்டையாக இராது.

இதற்கு மாற்று உண்டு. பிரேசில் நாட்டுப் பெண்கள் டின்பாலையும் கோகோத் தூளையும் வெண்ணெயோடு அடுப்பிலிட்டுக் கிளறி உருண்டை பிடிக்கிறார்கள். அதற்குப் ‘பிரிகடெய்ரோ’ என்று பெயர். 1945ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற பிரிகடியர் எடுவர்டோ கோம்ஸ் என்பவருக்காகப் பெண்கள் இதைச் செய்து விற்றுத் தேர்தல் நிதி திரட்டினர் என்றும், அதனால் அப்பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள். பிரிகடியர் தேர்தலில் தோற்றார், உருண்டை நிலைத்துவிட்டது. இம்முறையில் உருண்டையைத் தாங்கி நிற்பது கோகோ வெண்ணெய் அன்று. சுண்டிய பாலும் சர்க்கரையுமே. ஆகவே கோடை வெப்பத்தில் அது இளகினாலும் உருகி ஓடுவதில்லை. உலர்ந்த தேங்காய்த் துருவல் சேர்ந்தால் இன்னும் உறுதிப்படும். பாற்கோவாவும் தேங்காய் பர்பியும் கிளறத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

செய்முறை வருமாறு. சர்க்கரை சேர்த்த டின்பால் 400 கிராம், இனிப்புச் சேராத கோகோத் தூள் 40 கிராம், உலர்ந்த தேங்காய்த் துருவல் 150 கிராம், வெண்ணெய் அல்லது நெய் 15 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை எடுத்துக் கொள்க. மேலே புரட்டுவதற்கு இன்னும் 50 கிராம் துருவல் வேண்டும். கோகோத் தூளை முதலில் சலித்துக் கொள்ள வேண்டும். சலிக்காமல் போட்டால் கட்டி விழும், பின்னர் எவ்வளவு கிளறினாலும் உடையாது. டின்பாலில் நான்கைந்து கரண்டி எடுத்துத் தூளோடு குழைத்து, மிச்சப் பாலை அதன்பின் சேர்ப்பது இன்னும் நல்லது. அடி கனத்த வாணலியில் நெய்யை இளக்கி, இக்கலவையை ஊற்றி, இளந்தீயில் இடைவிடாமல் கிளறுக. எட்டுப் பத்து நிமிடங்களில் கலவை கெட்டிப்பட்டு ஓரத்தை விட்டுத் திரண்டு வரும். கரண்டியால் நடுவே கீறினால் வாணலியின் அடி தெரிய வேண்டும். அக்கீறல் உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அதுவே பதம். அப்போது இறக்கி, தேங்காய்த் துருவலையும் உப்பையும் சேர்த்துப் பிசறி, நெய் தடவிய தட்டில் கொட்டி மூடி ஆறவிடவும். கை பொறுக்கும் சூட்டிற்கும் கீழே ஆறிய பின்பு, நெல்லிக்காய் அளவு, அதாவது 15 கிராம் எடை வரும்படி உருட்டித் துருவலில் புரட்டி எடுக்க வேண்டும். மேற்சொன்ன அளவுக்குச் சுமார் 40 உருண்டைகள் கிடைக்கும்.

எடைத்தராசு இல்லாமல் கைக்கணக்கில் உருட்டுவதை நாம் ஒப்புவதில்லை. ஒரு தாய் பெரிதாகவும் மற்றொருவர் சிறிதாகவும் பிடித்தால், பெட்டியைத் திறப்பவர் முதலில் காண்பது அந்த வேறுபாட்டைத்தான்.

பதம் தவறினால் திருத்துவது எளிது. உருட்டும்போது கையில் ஒட்டித் தளர்ந்திருந்தால் மறுபடி அடுப்பிலேற்றி இரண்டு நிமிடம் கிளறலாம். அதிகம் சுண்டிப் பொரபொரப்பாகிவிட்டால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலைத் தெளித்துப் பிசையலாம். ஆனால் அவ்வாறு பால் தெளித்ததை விற்பனைக்கு வைக்காமல் வீட்டிலேயே தின்றுவிட வேண்டும். ஏனெனில் ஈரம் கூடிய உருண்டை நாள் தாங்காது.

டின்பால் நம் ஊர்களுக்குத் தெரியாத பொருளன்று. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் காப்பிக்கடைகளில் அதுவே வழக்கம் என்பதைக் கொண்டுவிற்கச் சென்று திரும்பிய குடும்பத்தார் அறிவர். அதனை விலைக்கு வாங்காமல் வீட்டிலேயும் செய்யலாம். ஒரு லிட்டர் பாலோடு 200 கிராம் சர்க்கரை சேர்த்து, அடிப்பிடிக்காமல் காய்ச்சி, 400 முதல் 450 கிராம் எடைக்குச் சுண்ட வைத்தால் ஏறக்குறைய அதே பொருள் கிடைக்கும். பால் மாடு வைத்திருக்கும் குழுக்களுக்கு இது இலாபம். மற்றவர்கள் எரிபொருளையும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வெல்லத்தையோ கருப்பட்டியையோ பாலில் இட்டுக் காய்ச்சினால் பால் திரிந்துவிடக் கூடும். அப்படிச் செய்ய வேண்டாம். கருப்பட்டி மணம் வேண்டுவோர் பாலையே விட்டுவிட்டு, 200 கிராம் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, அதிரசத்திற்குப் போலத் தக்காளிப் பதத்தில் பாகு வைத்து, அதில் 30 கிராம் கோகோத் தூளும் 200 கிராம் உலர்ந்த துருவலும் சேர்த்து உருட்டலாம். கோகோவின் இலேசான கசப்பும் கருப்பட்டியும் நன்றாகவே இயைகின்றன. நம் சுவைக்கு இதுவே முன்னதைவிட மேல்.

வீட்டார்க்கு மட்டும் செய்வதானால் மேல்நாட்டு முறையையும் தேங்காய் கொண்டு செய்து பார்க்கலாம். 200 கிராம் கறுப்புச் சாக்லெட்டைப் பொடியாக நறுக்கி, 100 மில்லி கெட்டியான முதற்பாலைச் சூடாக்கி அதன்மேல் ஊற்ற வேண்டும். தேங்காய்ப்பால் கொதித்தால் திரியும். ஆவி எழுந்ததும் இறக்கிவிடுக. மூன்று நிமிடம் தொடாமல் வைத்திருந்து, பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் பளபளப்பான குழம்பாகும். குளிர்ப்பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்து உருட்டித் துருவலில் புரட்டி, குளிர்ப்பெட்டியிலேயே வைத்து நான்கு நாட்களுக்குள் தின்றுவிட வேண்டும். இது விற்பனைக்கு உரியதன்று.

இப்போது தேங்காய் விஷயத்திற்கு வருவோம். இத்தொழிலின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது. “புதுத் தேங்காய் கையில் இருக்க, உலர்ந்த துருவலை ஏன் தேட வேண்டும்? புதியதுதானே சுவை?” என்று குழுத் தாய்மார்கள் கேட்கிறார்கள். சுவையில் அவர்கள் சொல்வது மெய்யே. ஆனால் புதுத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். அந்த ஈரம் உருண்டைக்குள் புகுந்தால் மூன்றாம் நாள் புளித்த வாடை வீசும். நான்காம் நாள் பூஞ்சணம் பூக்கும். நன்கு உலர்ந்த துருவலில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் இராது. பர்பி செய்யும்போது தேங்காயைப் பாகோடு நெடுநேரம் கிளறுவதால் ஈரம் வற்றிவிடுகிறது. இங்கோ துருவலை இறக்கிய பின்பு சேர்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வட்டாரத்தில் ஒரு குழு, கோவில் திருவிழாவுக்கு முன்னதாகவே புதுத் துருவல் சேர்த்து 300 உருண்டைகள் செய்து கடைக்குக் கொடுத்தது. திருவிழா நடுவில் 200க்கு மேல் திரும்பி வந்தன. இழந்த பணத்தைவிட, அக்கடைக்காரர் அதன்பின் அவர்களது மாவுருண்டையையும் வாங்கத் தயங்கியதே அவர்களைப் பெரிதும் வருத்தியது.

உலர்ந்த துருவலைக் கடையில் வாங்கலாம். வீட்டில் செய்வதானால் முற்றிய காய்களையே எடுக்க வேண்டும். நடுத்தரக் காய் இரண்டு இருந்தால் மேற்சொன்ன 200 கிராம் துருவலுக்குப் போதும். பருப்பின் பழுப்புத் தோலைச் சீவிவிட்டு, வெந்நீரில் கழுவி, பூப்போலத் துருவி, இட்லிச் சட்டியில் துணி விரித்து நன்கு ஆவி எழப் பத்து நிமிடம் அவித்தெடுக்க வேண்டும். பின்பு சூரிய வெப்ப உலர்த்தியிலோ மின் உலர்த்தியிலோ மெல்லியதாகப் பரப்பி உலர்த்துக. கையில் எடுத்து நெரித்தால் ஒட்டாமல் சரசரவென்று உதிர வேண்டும். நிறம் மாறக் கூடாது. தெருவில் பாய் விரித்து வெயிலில் காயவைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிட வேண்டும். புழுதியும் ஈயும் காக்கையும் அதில் பங்கு கொள்கின்றன.

அவிப்பது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சுவைக்காக அன்று, நோய்க்கிருமிகளுக்காக. 1953ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் டைபாய்டு காய்ச்சல் பரவியபோது, அதன் மூலத்தைத் தேடிச் சென்ற மருத்துவர்கள் கண்டுபிடித்தது உலர்ந்த தேங்காய்த் துருவலையே. உலர்ந்த பொருளில் கிருமி பெருகாது என்பது உண்மை. ஆனால் சாவதும் இல்லை. ஈரம் கிடைக்கும்வரை உறங்கிக் கிடக்கும். துருவலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்ப்பதாலும், மேலே பச்சையாகவே புரட்டுவதாலும், நம் உருண்டையில் அதன்பின் கிருமியைக் கொல்லும் சூடு வேறெதுவும் கிடையாது. ஆதலால் கடையில் வாங்குவதானாலும் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுப்பதை வாங்காமல், உரிமம் பெற்ற நிறுவனத்தின் முத்திரையிட்ட உறையையே வாங்குக. உருட்டுபவர் நகம் வெட்டிச் சோப்பால் கை கழுவுவதும், வளையல் மோதிரங்களைக் கழற்றி வைப்பதும், வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்று வேலைக்கு வராமலிருப்பதும் கண்டிப்பாக நடக்க வேண்டியவை.

மற்றொரு குறை, சிக்கு வாடை. தேங்காயின் எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் காறிப்போகும். துருவலைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, ஒரு மாதத்திற்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நலம். மூக்கருகே கொண்டுபோய்ச் சந்தேகம் வந்தால், அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும் கலவையில் சேர்க்கலாகாது.

அடுத்து, விலை. நாம் பார்த்த வரையில் குழுக்கள் நட்டப்படுவது சமையலில் அன்று; கணக்கில். பொருள்களின் விலை நிலையானதன்று. ஐவரி கோஸ்ட், கானா ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைச்சல் குன்றியதால் 2024ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரையும் தாண்டியது. 2025இல் நம் மாநிலத்தில் தேங்காய் விலையும் ஏறிற்று. ஆகவே சென்ற ஆண்டு விலையை வைத்து இந்த ஆண்டு விற்கலாகாது. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்திற்காக எழுதப்பட்டவை. அவரவர் ஊர் விலையை இட்டுக் கணக்கிட வேண்டும்.

40 உருண்டைக்குப் பொருட்செலவு 280 ரூபாய், அடுப்புச் செலவு 20 ரூபாய், தாளும் பெட்டியும் சீட்டும் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆக 360 ரூபாய். ஓர் உருண்டைக்கு 9 ரூபாய். பெரும்பாலான குழுக்களின் கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. கடையில் 15 ரூபாய்க்கு விற்கிறார்கள். கடைக்காரர் தமக்கு ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு 12 ரூபாய் தருகிறார். உருண்டைக்கு 3 ரூபாய் இலாபம் என்று மகிழ்கிறார்கள். இருவர் ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நின்ற உழைப்பு எங்கே போயிற்று? மணிக்கு 50 ரூபாய் வீதம் மூன்று மணி நேரக் கூலி 150 ரூபாயைச் சேர்த்தால் மொத்தச் செலவு 510 ரூபாய். உருண்டைக்கு 12 ரூபாய் 75 காசு. 15 ரூபாய்க்கு விற்கும் குழு, 40 உருண்டைக்கு 30 ரூபாயைக் கையிலிருந்து இழக்கிறது. 18 ரூபாய்க்கு விற்றால் கடைக்காரர் பங்கு 3 ரூபாய் 60 காசு போகக் கைக்கு வருவது 14 ரூபாய் 40 காசு. மிச்சம் 1 ரூபாய் 65 காசு. 40க்கு 66 ரூபாய். உடைந்ததற்கும் விற்காமல் திரும்பியதற்கும் இதிலிருந்துதான் ஈடு செய்ய வேண்டும்.

“நம் கைவேலைக்கு நாமே கூலி போடுவதா?” என்று ஒரு மூதாட்டி நம்மிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். போடத்தான் வேண்டும். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலையில்லை என்ற எண்ணம் ஊரார்க்கு மட்டுமன்றி அவர்களுக்கே ஊறிப்போயிருக்கிறது. கூலியைக் கணக்கில் எழுதாத குழுவில், ஆறு மாதங்களில் உறுப்பினர் ஒவ்வொருவராக வயல்வேலைக்குத் திரும்பிவிடுவதையும், எஞ்சிய இருவர் தலையில் கடன் வந்து விழுவதையும் நாம் கண்டிருக்கிறோம். கணக்குப் புத்தகத்தில் கூலிக்கு ஒரு பத்தி தனியே கோடிட்டு வைக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே கடன் வாங்கி இயந்திரம் வாங்குவதையும் நாம் ஆதரிப்பதில்லை. ஒரு வாணலி, ஒரு தராசு, சல்லடை, மூடியுள்ள தட்டுகள் ஆகியவற்றோடு மூன்று மாதம் செய்து விற்றுப் பார்த்த பிறகு உலர்த்தியைப் பற்றி யோசிக்கலாம். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக மத்திய அரசு 2020ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில், தனித் தொழில் முனைவோரின் முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு, பத்து இலட்சம் ரூபாய் வரம்புக்குள், மானியமாகவும், சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் தொடக்க முதலாகவும் வகை செய்யப்பட்டது. இத்தகைய உதவிகளில் இப்போது எது நடப்பிலுள்ளது என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறியலாம். பயிற்சிக்குக் குன்றக்குடியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். அவ்வூரில் குன்றக்குடி அடிகளார், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தாரின் துணையோடு அறிவியலைச் சிற்றூர்த் தொழிலுக்குக் கொண்டுவந்த கதையை இம்மாவட்டத்தார் அறிவர். உருண்டை எத்தனை நாள் கெடாதிருக்கும் என்பதைச் சோதித்தறியத் தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் துணைசெய்யும்.

சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டில் செய்து விற்பவரும் பதிவுச் சான்று பெற வேண்டும். 14 இலக்கப் பதிவெண், செய்தவர் பெயரும் முகவரியும், சேர்ந்த பொருள்கள், நிகர எடை, செய்த நாள், எந்நாளுக்குள் உண்ண வேண்டும் என்பது, சைவ உணவுக்குரிய பச்சைக் குறி ஆகியவை உறையில் இருக்க வேண்டும். பால் சேர்ந்திருப்பதைத் தனியே குறிக்க வேண்டும். முந்திரியோ நிலக்கடலையோ சேர்த்தால் அதையும் மறைக்கலாகாது, சிலருக்கு அவை ஒவ்வா. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாக்லெட் கட்டிகள் பலவற்றில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. வெயிலைத் தாங்குவதால் அதை உருக்கி மேற்பூச்சாக இடச் சிலர் விரும்புகின்றனர். இடலாம், ஆனால் அதைச் சுத்தச் சாக்லெட் என்று அச்சிட்டு விற்கக் கூடாது. அவ்வாறே இதைச் சத்துணவு என்று விளம்பரம் செய்வதும் முறையன்று. இது இனிப்பு; சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வேண்டுவது கடலை உருண்டையும் சத்துமாவு உருண்டையும்தான். அந்த இடத்தை இது பிடிக்க வேண்டுவதில்லை.

ஆய்வுக்கூடச் சோதனை முடியும்வரை, டின்பாலில் செய்த உருண்டையை நிழலான இடத்தில் வைத்து ஐந்து நாட்களுக்கு மேல் விற்க வேண்டாம் என்று சொல்லி வருகிறோம். கட்டளை வந்தபின் செய்வது, மீதம் வைக்காதிருப்பது என்ற ஒழுங்கில் நடந்தால் ஐந்து நாள் போதும். விற்பனைக்குக் காரைக்குடிப் பலகாரக் கடைகளோடு, பயணிகள் தங்கும் மாளிகை விடுதிகளையும், மாவட்டத் தலைநகரங்களில் குழுப் பொருள்களுக்கென அமைந்த பூமாலை வளாகங்களையும் நாடலாம். விடுதிகள் ஒரு தடவைக்கு 20, 30 உருண்டைகளே கேட்கும்; ஆனால் வாரந்தோறும் கேட்கும். நம் நோக்கத்திற்கு இதுவே உகந்தது.

கடைசியாக, எதில் வைத்துக் கொடுப்பது? செட்டிநாட்டில் பனையோலைக் கொட்டானைவிடச் சிறந்த பெட்டி வேறில்லை. நல்ல காரியங்களுக்குக் கொட்டானில் பலகாரம் வைத்துக் கொடுப்பது இங்குத் தொன்றுதொட்ட வழக்கம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆறு உருண்டை கொள்ளும் சிறு கொட்டானை முடைந்து தரும் பெண்கள் அண்டைச் சிற்றூர்களிலேயே இருப்பதால், பெட்டிக்குக் கொடுக்கும் காசும் வட்டாரத்துக்குள்ளேயே தங்குகிறது. ஆனால் ஓலையின்மேல் உருண்டையை நேரே வைக்கக் கூடாது. ஓலை நன்கு காயாமலிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்திருந்தால் நெய்யை உறிஞ்சிக் கறைபடும். ஒவ்வோர் உருண்டையையும் நெய்த்தாள் கிண்ணத்தில் இட்டு, உட்புறம் நெய்த்தாள் விரித்து, எறும்பு புகாதபடி முத்திரையிட்ட உறையில் அடக்கிய பின்பே கொட்டானுள் வைக்க வேண்டும். சாயம் ஏற்றிய கொட்டானானால், ஈரத்துணியால் துடைத்துச் சாயம் விடுகிறதா என்று முதலில் பார்த்துக் கொள்க. பங்குனி முதல் ஆடிவரை வெளியூருக்கு அனுப்புவனவற்றை இரவு வண்டியில் ஏற்றுவதே நலம். பகல் பேருந்தின் மேற்கூரையில் ஏற்றினால் எந்த உருண்டையும் தாங்காது.